வீட்டில் தொடரும் வைத்தியம்: வவுனியா மாவட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் ஒரு நோயாளருக்குத் துண்டு வெட்டப்படும் வேளையில் அவர் கையில் வந்து சேரும் பொருள்களை நோக்கினால், வைத்தியம் எவ்வளவு தூரம் இடம்பெயர்ந்துவிட்டது என்பது புலனாகும். ஒரு தலைமுறைக்கு முன் குளிசைப் பொட்டலமும் மருந்துத் தண்ணீர்ப் போத்தலும் கிளினிக் கொப்பியுமே பெரும்பாலும் வீட்டுக்குப் போயின. இன்றோ சிலருக்கு இன்சுலின் புட்டியும் ஊசியும், சிலருக்கு முட்டு வருத்தத்துக்கான பம்மும், சிலருக்குச் சலம் போவதற்கான குழாயும் பையும், சிலருக்கு மூக்குவழி உணவூட்டும் குழாயும், இன்னுஞ் சிலருக்கு வயிற்றிற் பொருத்திய குழாயினூடே நாளுக்கு நான்கு முறை மாற்றவேண்டிய திரவப் பைகளும் கூடவே போகின்றன. விடுதியில் மூன்றாண்டு பயிற்சி பெற்ற தாதியர் செய்துவந்த காரியத்தை, அன்று மாலை முதல் ஓமந்தையிலோ நெடுங்கேணியிலோ செட்டிகுளத்திலோ உள்ள ஒரு வீட்டில் மனைவியோ மகளோ நோயாளர் தாமோ செய்தாகவேண்டும். அந்த மூன்றாண்டுக் கல்விக்கும், வாசலில் வாகனம் காத்து நிற்கையில் அவசரமாகச் சொல்லப்படும் விளக்கத்துக்கும் இடையே கிடக்கும் வெளியை எவ்வாறு நிரப்புவது என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் விஷயம்.

இதற்கு விடை கூறப் புகுவோரில் ஒருசாரார், துண்டுப்பிரசுரமும் சுவரொட்டியும் கைத்தொலைபேசியில் அனுப்பும் காணொளியும் போதுமெனக் கருதுவர். மற்றொரு சாரார், கிராமத்துச் சனங்களிடம் நுட்பமான உபகரணங்களை ஒப்படைப்பதே ஆபத்தென்பர். இருசாரார்க்கும் பொதுவான பிழையொன்றுண்டு. கற்பித்தலைச் சிகிச்சை முடிந்தபின் செய்யும் உபசாரமாக அவர்கள் எண்ணுகின்றனர். அதுவே சிகிச்சையின் ஓர் அங்கமென்றும், மருந்தைப் போலவே அதற்கும் அளவும் வேளையும் உண்டென்றும், சில மாதங்களில் அதன் வீரியம் குன்றுமாதலால் மறுபடியும் கொடுக்கப்படவேண்டுமென்றும், அதைக் கொடுத்தற்குரிய இடம் விடுதியைக் காட்டிலும் வீடேயென்றும் கொள்வதற்குப் போதிய ஆதாரம் உலகிலும் உண்டு, வன்னியிலும் உண்டு.

இச்சிந்தனை இன்சுலினுக்கும் முந்தியது. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் நீரிழிவு வைத்தியராயிருந்த எலியட் ஜொஸ்லின், வைத்தியரும் நோயாளரும் ஒருங்கே படிப்பதற்கென ஒரு கைந்நூலை 1918 இல் வெளியிட்டார். 1922 ஜனவரியில் ரொறன்ரோ வைத்தியசாலையில் 14 வயதுச் சிறுவனொருவனுக்கு இன்சுலின் முதன்முதலாக ஏற்றப்பட்டபின், நாடோறும் ஊசி போட்டாலன்றி உயிர்தரிக்க இயலாத ஒரு கூட்டம் உலகில் தோன்றியது. நாள்தோறும் வைத்தியரைத் தேடிச் செல்வது எவர்க்கும் ஆகாத காரியமாதலால், ஊசி வைத்தியர் கையிலிருந்து நோயாளர் கைக்கு மாறியது. ஜொஸ்லின் தம் தாதியரை நோயாளரின் வீடுகளுக்கே அனுப்பிக் கற்பித்தார். அரை நூற்றாண்டுக்குப் பின், 1972 இல், லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பொது வைத்தியசாலையில் லியோனா மில்லர் என்னும் வைத்தியர், ஏழை நீரிழிவு நோயாளர்க்கு முறையான போதனையும், ஐயம் எழுந்தபோது அழைத்துப் பேசத் தொலைபேசி வசதியும் அளித்ததனால், மயக்கநிலையில் வந்து சேர்வோர் தொகை பெரிதும் குறைந்தமையை எடுத்துக்காட்டினார். உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஐரோப்பியப் பிரிவு, நோயாளர்க்குக் கற்பித்தலை ஒரு சிகிச்சை முறையாகவே ஏற்று, அதைக் கற்பிப்போர்க்கான பாடத்திட்டத்தை 1998 இல் வெளியிட்டது.

நமது நாட்டிலும் இதற்கு ஒரு பூர்வகதை உண்டு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திய சாமுவேல் பிஸ்க் கிறீன், ஆங்கிலத்தில் வைத்தியம் கற்ற மாணாக்கர் அரசாங்க உத்தியோகத்தை நாடிப் போய்விடுவதைக் கண்டு, தமிழிலேயே வைத்தியக் கல்வியை நடத்தவும், உடற்கூறும் சத்திரசிகிச்சையும் பிரசவ வைத்தியமும் பற்றிய பெருநூல்களைத் தமிழாக்கவும் துணிந்தார்; அவரிடம் பயின்று வெளிவந்தோர் அறுபதுக்கு மேற்பட்டோர். கிராமத்திலேயே தங்கிக் கிராமத்தவர் பேச்சிலேயே வைத்தியஞ் செய்பவர் வேண்டும் என்பது அவர் நோக்கம். அதற்கு அடுத்த படி, வைத்தியர்க்குச் சொன்னதை வீட்டார்க்கும் சொல்வது. அந்தப் படியில் நாம் இன்னும் ஏறி முடிந்தபாடில்லை.

வன்னிக்கு வருவோம். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வீட்டிலே சிகிச்சையைத் தொடர்வோரை நோக்குங்கால், வேறெந்தப் பிரதேசத்திலும் இவ்வளவு நெருக்கமாகக் காணமுடியாத ஒரு கூட்டத்தாரை முதலிற் குறிப்பிடவேண்டும். 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தபோது எறிகணைத் துண்டுகளாலும் குண்டுகளாலும் முள்ளந்தண்டு வடம் அறுந்த பலர், வவுனியா வைத்தியசாலையின் தரையிற் கிடந்து, செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களினூடாகவும் வேறு வைத்தியசாலைகளினூடாகவும், ஈற்றில் தகரக் கூரையிட்ட வீடுகளுக்குத் திரும்பினர். அவர்களுட் பெரும்பாலார் அன்று இளைஞர். இடுப்புக்குக் கீழ் உணர்ச்சியற்ற ஓர் உடலோடு நாற்பது ஆண்டு வாழவேண்டியவர்கள்.

முதலாம் உலகயுத்த காலத்தில் இத்தகைய காயம் பட்டோருட் பெரும்பாலார் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டிலோ மாண்டனர். மாண்டது வடம் அறுந்ததனால் அன்று. படுக்கைப்புண்ணாலும் சலத்திற் கிருமி தொற்றியதனாலுமே. 1944 இல் இங்கிலாந்தின் ஸ்ரோக் மன்டெவில் வைத்தியசாலையில் லட்விக் குட்மன் இவ்விரண்டையும் தடுக்கலாமென்று நிறுவியபோது, புதிய மருந்தெதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோயாளரைப் புரட்டிவிடுவதும், சலப்பையை ஒழுங்காக வடிப்பதும், பின்னர் இவற்றை நோயாளர் தாமே செய்யப் பழக்குவதுமே அவர் முறை. 1972 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஜக் லபிடஸ் இன்னொரு படி சென்றார். சலக்குழாயை விட்டு எடுப்பதற்குக் கிருமிநீக்கிய கையுறையும் சத்திரசிகிச்சைக் கூடத்துச் சுத்தமும் வேண்டியதில்லை, சவர்க்காரமிட்டுக் கழுவிய கையும் கழுவி உலர்த்திய குழாயும் போதும், சலப்பை நிரம்பி விம்முவதே தொற்றுக்கு முக்கிய காரணமாதலால் நேரந்தவறாமல் வடிப்பதே பிரதானம் என அவர் சொன்னபோது, வைத்திய உலகின் ஒரு பகுதி அதிர்ச்சியுற்றது. வன்னியின் கிணற்றடியை அவர் கண்டதில்லை. ஆயினும் அவர் கண்ட உண்மை, குழாய்நீரும் வெதுநீர்த் தொட்டியும் இல்லாத வீடுகளுக்கே பெரிய வரப்பிரசாதமாயிற்று. நாளுக்கு நான்கு முதல் ஆறு முறை, கை கழுவி, குழாயைச் செலுத்தி, வடித்து, கழுவி, உலர்த்தி, மூடியுள்ள பெட்டியில் வைத்தல் என்னும் இந்தக் கிரமத்தைப் பழகியவர் பஸ் ஏறுவார், கடை நடத்துவார், கலியாண வீட்டுக்குப் போவார். பழகாதவர் நிரந்தரக் குழாயோடும், அடிக்கடி வரும் காய்ச்சலோடும், படிப்படியாகக் கெடும் சிறுநீரகத்தோடும் காலங்கழிப்பார்.

படுக்கைப்புண் பற்றிய போதனை இதனினும் கடினம், ஏனெனில் இங்கே கற்பவர்க்கு அவர் உடலே துரோகஞ் செய்கின்றது. நோவு என்பது ஓர் அறிவிப்பு. அறிவிப்பு நின்றுபோன உடலுக்குக் கண்ணே நரம்பாக வேண்டும் என்பதை வேலூரில் தொழுநோயாளரிடையே பணியாற்றிய சத்திரசிகிச்சை வைத்தியர் போல் பிராண்ட் விரிவாக உணர்த்தினார்: நாடோறும் கையையும் காலையும் உற்றுப்பார்க்கும் பழக்கத்தை ஒரு சடங்கு போல் அவர் வற்புறுத்தினார். அதே வேலூரில், 1954 இல் வாகன விபத்தொன்றினால் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தபின்னும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்த மேரி வர்கீஸ், 1966 இல் தொடங்கப்பட்ட புனர்வாழ்வு நிலையத்துக்குத் தலைமை தாங்கினார். நோயாளர் ஒருவரே போதகராகவும் இருப்பதன் பயனுக்கு இதைவிடச் சிறந்த திருட்டாந்தம் தமிழர் நாட்டிற் கிடைப்பது அரிது. காலையிலும் இரவிலும் கண்ணாடி பிடித்துப் பின்புறத்தைப் பார்த்தல், சிவந்த இடம் விரலால் அழுத்தியும் வெளிறாதிருந்தால் அன்று முழுவதும் அவ்விடத்திற் பாரம் படாதிருத்தல், நாற்காலியில் இருக்கையில் கால்மணிக்கோ அரைமணிக்கோ ஒருமுறை கைகளை ஊன்றி உடலைத் தூக்குதல் ஆகிய இவையெல்லாம் எளிய காரியங்களே. ஆனால் நோவு உந்தாத போது இவற்றை வாழ்நாளெல்லாம் செய்வது தவம். வளையமாக ஊதிய ரியூபின்மேல் இருத்தினால் புண் ஆறுமென்று நம்மவரிற் பலர் இன்றும் நம்புகின்றனர். அவ்வளையத்தின் விளிம்பு சுற்றியுள்ள இரத்தோட்டத்தை நெரித்துப் புண்ணைப் பெருப்பிக்கும் என்பதை, திட்டாமலும் நகையாமலும், அந்த ரியூபை அன்போடு வாங்கிக் கொடுத்த மாமனார் முன்னிலையிலேயே விளக்கவேண்டிய சங்கடமும் போதகர்க்கு உண்டு.

நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேல் வடம் பாதிக்கப்பட்டோர்க்கு மற்றுமொரு பாடம் தவிர்க்கொணாதது. குழாய் அடைபட்டுச் சலப்பை விம்மினால், அவர்க்கு நோவு தெரியாது. அதற்குப் பதிலாக இரத்த அழுத்தம் திடீரென ஏறி, தலை பிளப்பதுபோல் இடித்து, முகம் சிவந்து வியர்க்கும். உடனே நிமிர்த்தி இருத்திக் குழாயைச் சீராக்காவிடின் உயிருக்கே மோசம். சிறு வைத்தியசாலையில் இரவுக் கடமையிலுள்ள இளம் வைத்தியர் இதை நூலிற் படித்திருக்கலாம், கண்ணாற் கண்டிருக்கமாட்டார். ஆகவே நோயாளரே வைத்தியர்க்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய ஒரு நிலை உருவாகின்றது. அதற்கு வேண்டியது அறிவு மாத்திரமன்று, சாரத்தோடு சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் வெள்ளை மேலங்கிக்காரரிடம் “டொக்டர், இது வேற வருத்தமில்லை, குழாய் அடைச்சிட்டுது, முதல்ல அதைப் பாருங்கோ” என்று சொல்லும் துணிவுமாம். அந்தத் துணிவைத் தாதியரால் ஊட்டுதல் கடினம். அதை அனுபவித்த இன்னொருவராலேயே ஊட்டமுடியும். மாங்குளத்தை மையமாகக் கொண்டு முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோர் தாமே நடத்திவரும் உயிரிழை அமைப்பின் பெறுமதி இவ்விடத்தே விளங்கும்.

இங்கே ஒரு கசப்பான அவதானத்தையும் பதிவுசெய்தல் தகும். யுத்தத்தின் பின் வன்னிக்குச் சக்கர நாற்காலிகள் பல திசைகளிலிருந்தும் வந்தன. மேடை கட்டி, மாலை போட்டு, படம்பிடித்துக் கொடுக்கப்பட்டன. 2008 இல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட நெறிமுறை, சக்கர நாற்காலி வழங்குதலை எட்டுப் படிகளாக வகுத்து, அளவெடுத்தலையும் பொருத்திப்பார்த்தலையும் வலியுறுத்தி, பாவிப்பவர்க்குப் பழக்குதலை ஏழாம் படியாகவும் பின்தொடர்ந்து பழுதுபார்த்தலை எட்டாம் படியாகவும் வைக்கின்றது. விழாவிலே நாற்காலி கைமாறும். மெத்தையும் பயிற்சியும் கைமாறுவதில்லை. மெத்தையற்ற நாற்காலியில் நாளெல்லாம் இருப்பது புண்ணுக்கு விண்ணப்பம் போடுவதேயாம். கொடுப்பவர் கணக்கில் அது கொடை. வாங்கியவர் உடம்பில் அது வேறு.

அடுத்தது சிறுநீரக நோய். 1990களின் தொடக்கத்தில் வடமத்திய மாகாணத்தின் பதவியா, மதவாச்சி முதலிய விவசாயக் கிராமங்களில் வைத்தியர் கண்ணிற்பட்டு, காரணம் இன்னதென இன்றளவும் முடிவாக நிறுவப்படாத அந்நோய், மாகாண எல்லையை மதிக்கவில்லை. வவுனியா மாவட்டமும் அதன் பிடிக்குள் அகப்பட்டது. நோய் முற்றியோர்க்கு எஞ்சுவன மாற்றுச் சிறுநீரகமும், இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிப்பதும், வயிற்றறையினூடே சுத்திகரிப்பதும் ஆகிய மூன்று வழிகளே. இயந்திரவழிச் சுத்திகரிப்புக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணித்தியாலமளவில், வைத்தியசாலையிற் கிடக்கவேண்டும்; நெடுங்கேணியிலிருந்து வருபவர்க்கு அது ஒரு நாட்கூலியை விழுங்கும் பயணம். அவர்க்கும் வீட்டுப்பாடம் உண்டு: கையில் இணைத்த இரத்தக்குழாயின் அதிர்வைக் காலைதோறும் விரலால் தொட்டறிதல், அந்தக் கையில் எவரையும் ஊசி குத்தவோ பிறஷர் பார்க்கவோ விடாதிருத்தல், விறகுக்கட்டும் நெல்மூட்டையும் அந்தக் கையால் தூக்காதிருத்தல்.

வயிற்றறைச் சுத்திகரிப்போ முழுவதும் வீட்டார் கையிலேயே தங்கியுள்ளது. 1976 இல் அமெரிக்காவின் ஒஸ்ரின் நகரில் பொப்போவிச், மொன்கிறீவ் என்னும் இருவர் வகுத்த இம்முறையில், இரண்டு லீற்றர் திரவத்தை வயிற்றுக்குள் விட்டு, நான்கு முதல் ஆறு மணித்தியாலம் வைத்திருந்து, வெளியேற்றி, புதியதை விடவேண்டும்; நாளுக்கு நான்கு முறை. கணக்குப் பார்ப்போம். நாளுக்கு எட்டு லீற்றர், மாதத்துக்கு 240 லீற்றர்: ஏறக்குறைய கால் தொன் எடையுள்ள பெட்டிகள் ஒரு சிறு வீட்டின் மூலையில் வெயிலும் எலியும் தீண்டாமல் அடுக்கப்படவேண்டும். ஆண்டொன்றுக்கு 1,460 முறை குழாய் திறந்து மூடப்படும். அந்த 1,460 முறையும் கிருமி உட்புகுதற்கு வாய்ப்பு. ஹொங்கொங் 1985 முதலும் தாய்லாந்து 2008 முதலும் இம்முறையையே முதற்சிகிச்சையாகக் கொண்டமைக்குக் காரணம் செலவும் தூரமுமே. அந்நாடுகளில் இது நிலைபெற்றமைக்குக் காரணம் கற்பித்தலுக்கென்றே தனித் தாதியரை நியமித்தமை.

விடுதியிற் கற்பிக்கும்போது சொல்வது: யன்னலை மூடுக, விசிறியை நிறுத்துக, முகக்கவசம் அணிக, ஓடும் நீரிற் கை கழுவுக. வீட்டில் நடப்பதோ வேறு. கதவில்லாத அறை, சீலிங் இல்லாத கூரை, கிணற்றிலிருந்து அள்ளி வாளியில் வைத்த நீர், நடுமுற்றத்தில் கோழி, சித்திரை வெயிலில் விசிறியை நிறுத்தினால் அலறும் குழந்தை. இவற்றையெல்லாம் கண்ணாற் கண்டபின் தாதி கற்பிக்கும் பாடம் மாறிவிடும்: வாளியில் கையை முக்காதே, ஒருவர் குவளையால் ஊற்ற மற்றவர் கழுவட்டும், அறையின் இன்ன மூலையில் ஒரு மேசை போட்டு, நுளம்புவலையைப் போல ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டு, பையைச் சூடாக்கவென்று அடுப்பில் வைத்த சுடுநீரில் போடாதே. வடித்த பையைச் செய்தித்தாளின்மேல் வைத்து, எழுத்துத் தெளிவாகத் தெரிகின்றதா எனப் பார்க்கும் எளிய சோதனை, எந்த இயந்திரத்தினும் மேலானது. எழுத்து மங்கினால் வயிற்றறையிற் கிருமி புகுந்துவிட்டதென்று அறிந்து, அந்தப் பையை வீசிவிடாமல் கையோடு எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். “கலங்கின பையை ஏன் கொண்டுபோறது, அருவருப்பு” என்று எறிந்துவிடுவது இயல்பே. எறிந்தால் எந்தக் கிருமியென அறியும் வழியும் போய்விடும்.

சீனி வருத்தத்தைப் பொறுத்தமட்டில், பாடம் பழையதாயினும் வன்னிக்கேயுரிய சிக்கல்கள் சில உள. இந்தியாவில் மில்லிலீற்றருக்கு 40 அலகு கொண்ட இன்சுலினும் 100 அலகு கொண்ட இன்சுலினும் இன்றும் அருகருகே விற்கப்படுகின்றன. அவ்வவற்றுக்கு ஊசியும் வேறு. தமிழ்நாட்டு முகாம்களில் நெடுங்காலம் இருந்து திரும்பிய குடும்பங்களும், அங்கே உறவினரை வைத்திருப்போரும் வவுனியாவில் நிறைய உண்டு. போய் வருவோர் கையோடு ஊசியும் வந்துவிடும். 40 அலகு ஊசியில் 100 அலகு மருந்தை அதே கோடுவரை ஏற்றினால் இரண்டரை மடங்கு மருந்து உடம்பிற் சேரும். விளைவு நடுக்கம், வியர்வை, மயக்கம், சிலவேளை மரணம். “எந்த ஊசியாலே போடுறியள்? அதைக் கொண்டுவந்து காட்டுங்கோ அம்மா” என்ற ஒரு வினா பல உயிர்களைக் காக்கும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் புட்டியை எங்கே வைப்பது என்பது அடுத்தது. ஈரமணலுள் பதித்த மண்பானை, அகச்சூட்டைப் பல பாகை குறைக்கும். மூடியுள்ள போத்தலில் இட்டு அதனுள் வைத்தால் போதும். பாவித்த ஊசியைப் பின்வளவுக் குப்பைக் கிடங்கில் எறியாமல், தடித்த பிளாஸ்டிக் போத்தலில் இட்டு மூடி, கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் கொடுத்தல் அதனோடு சேரும்.

விரதத்தை மறந்த போதனை பாதிப் போதனை. வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டியின் ஆறு நாளும் உபவாசமிருக்கும் அம்மாவும், நோன்பு மாதத்தில் பகல் முழுதும் உண்ணாதிருக்கும் இஸ்லாமியச் சகோதரரும், ஊசியை வழமைபோற் போட்டுவிட்டு உணவைத் தவிர்த்தால் நேர்வது யாதென வெளிப்படையாகப் பேசவேண்டும். விரதம் பிடிக்காதே என்ற கட்டளை கேட்கப்படமாட்டாது. கேட்கப்படாத கட்டளை மறைத்தலைக் கற்பிக்கும். அதுபோலவே, வைகாசி விசாகத்தில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வீதியின் சுடுமணலில் வெறுங்காலோடு நடக்கப்போகும் நீரிழிவுக்காரரை நிறுத்திவிடலாமெனக் கனவு காண்பதினும், விடியற்காலையில் நடக்கவும், திரும்பியதும் கால் கழுவி விரலிடுக்குவரை பார்க்கவும் மகளைப் பழக்குவது புத்தி. தொழுநோயாளர்க்கு வேலூரில் சொன்ன பாடமே இதுவும்.

பம் பாவித்தலைப் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். 1975 முதல் 2014 வரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016 இல் வெளியிடப்பட்ட மதிப்பீடொன்று, முழுச் சரியாகப் பாவிப்போர் 31 வீதமேயென்றும், அந்த நாற்பதாண்டில் இந்நிலை திருந்தவேயில்லையென்றும் கண்டது. கருவி மாறிற்று, கற்பித்தல் மாறவில்லை. ஒட்சிசன் செறிவூட்டியோ கொரோனாக் காலத்தில் நம்மூர் வீடுகளிலும் புகுந்தது; விறகடுப்புக்கும் சாமிவிளக்குக்கும் சுருட்டுக்கும் அருகே அதை வைத்தலாகாது என்பதும், மின்சாரம் நின்றால் என் செய்வது என்பதும் முதற்பாடமாதல் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு நிகழ்ந்தபோது, அந்த இரண்டாம் பாடத்தைப் படிக்காத வீடுகள் எவ்வாறு தத்தளித்திருக்குமென ஊகிப்பது கடினமன்று.

இனிக் கற்பிக்கும் முறை. நம் வைத்தியசாலைகளில் நாடோறும் பலமுறை நிகழும் சம்பாஷணை இது: “விளங்கிச்சோ அம்மா?” “ஓம் மிஸ்ஸி.” அந்த ‘ஓம்’ மரியாதை, வரிசையிற் பின்னால் நிற்போர்மேல் இரக்கம், விளங்கவில்லையென்றால் மிஸ்ஸி சினப்பாரோ என்ற அச்சம். விளக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வைத்தியர் கூறியதில் 40 முதல் 80 வீதம்வரை நோயாளர் உடனேயே மறந்துவிடுகின்றனரென்றும், நினைவில் நிற்பதிலும் ஏறக்குறையப் பாதி பிழையாகவே நிற்கின்றதென்றும் 2003 இல் ரோய் கெசெல்ஸ் என்பவர் முன்னைய ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார். அதே ஆண்டில் டீன் ஷிலிங்கரும் அவர்தம் குழுவினரும் சான் பிரான்சிஸ்கோவில் நீரிழிவு நோயாளர்க்கும் வைத்தியர்க்கும் இடையே நடந்த உரையாடல்களை ஆராய்ந்து, வைத்தியர்கள் புதிதாகச் சொன்ன விஷயங்களில் 12 வீதத்தைப் பற்றியே நோயாளருக்கு அது விளங்கியதா எனச் சோதித்தனர் என்று கண்டனர். சோதிக்கப்பட்டோரின் சீனியளவு மற்றவரினும் நன்றாயிருந்தது.

ஆதலால் வினாவை மாற்றவேண்டும். “வீட்டை போனாப்பிறகு மகளுக்கு இதை எப்பிடிச் சொல்லிக் குடுப்பியள்? எனக்கு ஒருக்கா அதே மாதிரிச் செய்து காட்டுங்கோ, பாப்பம்” என்று கேட்கும்போது, பரீட்சிக்கப்படுவது நோயாளர் அல்லர், சொன்னவரின் சொல்வன்மையே. சமையலைக் காதாற் கேட்டுக் கற்றவர் எவரும் இலர்; கையால் ஆக்கிக் கருக்கித்தான் கற்றனர். கை செய்வதைக் கண் பார்த்துத் திருத்தும் அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு ஈடாக எந்தத் துண்டுப்பிரசுரமும் இல்லை. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து பள்ளிப்படிப்பை இழந்த ஒரு தலைமுறை இன்று வன்னியில் பெற்றோராகவும் நோயாளராகவும் உள்ளது. அவர்களுள் எழுத்துக்கூட்டிப் படிப்போரும், படிக்கத் தெரியாததை நாணத்தால் மறைப்போரும் உண்டு. மருந்துப் பையில் வேற்றுமொழியில் எழுதியதைப் பார்த்து விழிப்போர் தொகை அதனினும் அதிகம்.

யார் வந்து கற்பிப்பது? 1926 இல் களுத்துறையில் முதற் சுகாதார அலகு தொடங்கிய நாள்முதல், இலங்கையில் வீடு தேடிப் போகும் சுகாதார உத்தியோகத்தர் மரபொன்று வேரூன்றியுள்ளது. தாயொருத்தி பிள்ளை பெற்ற பத்து நாளுக்குள் குடும்பநல உத்தியோகத்தர் இருமுறையேனும் அவ்வீட்டுக்கு வருதல் விதி. பாலூட்டும் நிலையையும் தொப்புளையும் தாயின் காய்ச்சலையும் அவர் கண்ணாற் காண்பார், கையாற் காட்டுவார். இந்நாட்டின் தாய்சேய் மரணம் குறைந்தமைக்கு அவ்வருகை ஒரு பெருங்காரணம். குழாயோடு திரும்பிய தகப்பனுக்கு அத்தகைய விதியொன்று நடைமுறையில் உறுதியாக இல்லை. 2011 முதல் அமைக்கப்பட்டுவந்த ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களும், அண்மைக்காலத்தில் ஆரம்பச் சிகிச்சைப் பிரிவுகளோடு இணைக்கப்பட்டுவரும் பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தரும் இதற்கு நல்ல ஆரம்பங்கள்.

அயலில் முன்மாதிரிகள் உள. கேரளத்தில் கோழிக்கோட்டையும் மலப்புறத்தையும் சூழ்ந்து அயலவரே பணஞ்சேர்த்துத் தாதியை அமர்த்தி, படுக்கையிலுள்ளாரை வீடுதோறும் சென்று பார்க்கும் வலைப்பின்னல் உருவாயிற்று. 2008 இல் அம்மாநில அரசு அதைத் தன் கொள்கையாகவே ஏற்றது. தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்ட் 5 ஆம் திகதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்குமான குளிசைகளோடு வயிற்றறைச் சுத்திகரிப்புப் பைகளையும் வீட்டுவாசலுக்குக் கொண்டுவருகின்றது. நம் நாட்டிலும் 2020 இன் ஊரடங்கில் கிளினிக் மருந்துகள் தபால்மூலம் வீடு சேர்ந்தன. மருந்தைத் தபாலில் அனுப்பலாம் என்பதை அது நிரூபித்தது. கைப்பழக்கத்தை அவ்வாறு அனுப்ப வழியில்லை.

இவ்வளவுக்கும் எதிராக எழும் ஆட்சேபம் ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. அரசாங்கம் செய்யவேண்டிய வேலையை வீட்டாரின் தலையில், அதிலும் பெண்களின் தலையில், கூலியின்றிச் சுமத்துவதற்குக் கற்பித்தல் ஓர் அழகிய பெயர் அல்லவா? ஓரளவு உண்மைதான். வன்னியில் பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள் அநேகம். விடிய எழும்பி வயலுக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போகும் ஒருத்தி, இரவில் இரண்டு மணிக்கொருமுறை கணவனைப் புரட்டுவாள் என எதிர்பார்ப்பது கொடுமை. பதின்மூன்று வயது மகளே வீட்டுத் தாதியாகிப் பள்ளிக்கூடத்தை விட்டுவிடும் வீடுகளில், தேர்ச்சி பெற்ற கையொன்று உருவானதென நாம் மகிழ்ந்து எழுதுவோமாயின், அதற்கு அந்தப் பிள்ளை கொடுத்த விலையையும் உடன் எழுதவேண்டும். எனவே, இந்த வீட்டால் இது இயலாது என்று கண்டு சொல்லி, நோயாளரை இயந்திரவழிச் சுத்திகரிப்புக்கோ பராமரிப்பு நிலையத்துக்கோ மாற்றும் அதிகாரமும் கற்பிக்க வரும் தாதிக்கு இருத்தல் அவசியம். அதற்கும் அவர் வீட்டை ஒருமுறை கண்டாகவேண்டும்.

செய்யத்தக்கது பெரிய திட்டமன்று. கிளினிக் கொப்பியில் ஒரு பக்கம்: எந்த உபகரணம், யாருக்குப் பழக்கப்பட்டது, அவர் செய்து காட்டினாரா, எந்தத் திகதியில், எந்தப் படியில் தடுமாறினார். பிரசவ வீட்டுக்குரிய கிரமத்தையே பின்பற்றி, முதல் மூன்று நாளில் ஒரு வருகை, பத்து நாளுக்குள் இன்னொன்று, பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபாடம். வவுனியா நகரத்திலிருந்து ஏ9 வீதியால் வடக்கே சென்று, புளியங்குளம் சந்தியால் திரும்பி, நெடுங்கேணிக்கு அப்பால் உள்ள ஒரு வீட்டுக்குத் தாதியொருவர் தம் ஸ்கூட்டியிற் போய்வருவதற்குப் பகற்பொழுதில் பெரும்பகுதி செல்லும். அந்தப் பகலில் கிளினிக்கில் வரிசையில் நிற்போரை யார் பார்ப்பது என்பதும், போய்வரும் பெற்றோல் எந்தச் செலவுத் தலைப்பின்கீழ் வரும் என்பதுமே, மாகாணச் சுகாதாரத் திணைக்களம் முதலில் தீர்க்கவேண்டிய இரு கேள்விகள்.